எச்சிலில் ஒளிந்திருந்த கிருமி



வழக்கமாக நான் ராஜா, கோட்டை, கல்வெட்டு என்று எழுதுவேன். இந்த முறை ஒரு கிருமியின் வரலாறு. கொஞ்சம் நீளமான பதிவுதான். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணோ, கைக்குழந்தையோ, கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரோ இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

கிருமியின் பெயர் சைட்டோமெகலோவைரஸ். டாக்டர்கள் சி.எம்.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள். ஆனால் இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானவர்கள் உடம்பில் அது இந்த நிமிஷம் இருக்கிறது. என் உடம்பிலும் அநேகமாக இருக்கும். உலகம் முழுவதும் பெரியவர்களில் பத்தில் எட்டுப் பேரை இது தொட்டிருக்கிறது. இந்தியாவில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல். அமெரிக்காவில்கூட ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு வந்துவிடுகிறது. 40 வயதாகும்போது பாதிப் பேருக்கு மேல் வந்திருக்கும்.

எல்லோரிடமும் இருக்கிற ஒன்றைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். முக்கால்வாசிப் பேருக்கு இது வந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. மிகச் சிலரை மட்டும் கடுமையாக அடிக்கும். அந்தச் சிலர் யார் என்று மனிதன் தெரிந்துகொள்ள நூறு வருஷம் பிடித்தது. அந்த நூறு வருஷக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1881. ஜெர்மனியில் ஹ்யூகோ ரிப்பர்ட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், இறந்து பிறந்த ஒரு சிசுவின் சிறுநீரகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். சில செல்கள் மட்டும் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கின்றன. நடுவில் கறுப்பாக ஒரு உருண்டை, அதைச் சுற்றி வெளிச்சமாக ஒரு வளையம். பின்னாளில் இதற்கு ‘ஆந்தைக் கண்’ என்று பெயர் வந்தது. பார்த்தால் அப்படியேதான் இருக்கும். ரிப்பர்ட்டுக்கு என்னவென்று புரியவில்லை. அப்படியே எடுத்து வைத்துவிட்டார்.

1904-இல் ஜெஸியோனெக், கியோலெமெனோக்லூ என்ற இருவர் இதே மாதிரி செல்களை இன்னொரு சிசுவின் உடலில் பார்த்து எழுதினார்கள். அதைப் படித்த பிறகுதான் ரிப்பர்ட் தாம் 23 வருஷம் முன்பு பார்த்ததை வெளியே சொன்னார். அந்தக் காலத்து மருத்துவர்கள் இதை அமீபா மாதிரி ஒரு செல் உயிரி என்று நினைத்தார்கள். மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்திருந்த காலம் அது. எதைப் பார்த்தாலும் ஒட்டுண்ணியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1921-இல் அமெரிக்காவின் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சரும் டால்பட்டும் இது ஒட்டுண்ணி இல்லை, நம்முடைய செல்லே ஏதோ காரணத்தால் வீங்கியிருக்கிறது என்று சொன்னார்கள். ‘சைட்டோ’ என்றால் செல், ‘மெகலோ’ என்றால் பெரியது. பெயர் அங்கிருந்துதான் வருகிறது. சின்னம்மையிலும் ஹெர்பிஸ் புண்களிலும் இதே மாதிரி மாற்றம் தெரிவதால் இதுவும் வைரஸாக இருக்கலாம் என்ற சந்தேகம் 1920-களில் வலுத்தது.

1926-இல் கோல், கட்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கினிப் பன்றிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியை அரைத்து, பாக்டீரியாக்கூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, இளம் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். நோய் தொற்றியது. அப்படியானால் பாக்டீரியாவைவிடச் சிறிய ஒன்றுதான் காரணம். இன்னொன்றும் தெரிந்தது. கினிப் பன்றியின் கிருமி கினிப் பன்றியோடு சரி, வேறு விலங்குக்குப் போகவில்லை. எலிக்கு எலியின் வைரஸ், குரங்குக்குக் குரங்கின் வைரஸ், மனிதனுக்கு மனிதனின் வைரஸ். அதனால் மனித வைரஸை விலங்குக்குக் கொடுத்து ஆராய வழியில்லாமல் போனது. ஆராய்ச்சி முப்பது வருஷம் தேங்கி நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த இடைவெளியில் ஒரு முக்கியமான கணக்கு கிடைத்தது. 1932-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பரும் வுல்பாக்கும் பல்வேறு காரணங்களால் இறந்த 183 குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பரிசோதித்தார்கள். 22 குழந்தைகளிடம் அந்த ஆந்தைக் கண் இருந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு. அந்தக் குழந்தைகளில் பலர் வேறு நோயால் இறந்தவர்கள். அதாவது கிருமி அபூர்வமானது இல்லை, நோய்தான் அபூர்வம். (இதே ஃபார்பர்தான் பிற்காலத்தில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்டவர்களில் முன்னோடி.) அப்போதெல்லாம் இதை ‘உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸ்’ என்றே அழைத்தார்கள். எச்சில் வைரஸ் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

1949-இல் ஒரு பெரிய கதவு திறந்தது. பாஸ்டனில் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை நரம்பில்லாத மனிதத் திசுக்களில், கண்ணாடிக் குழாயில் வளர்த்துக் காட்டினார்கள். போலியோ தடுப்பூசிக்கு வழிவிட்டது அதுதான். 1954-இல் மூவருக்கும் நோபல் பரிசு. விலங்கு தேவையில்லை, மனித செல்லையே வளர்த்து அதில் வைரஸை வளர்க்கலாம் என்றதும் தேங்கிக் கிடந்த பல வைரஸ்கள் பிடிபட்டன.

நம் கிருமியை ஏறத்தாழ ஒரே சமயத்தில் மூன்று பேர் தனித்தனியாகப் பிடித்தார்கள். முதலாமவர் செயின்ட் லூயிஸ் நகரத்தின் மார்கரெட் ஸ்மித். இறந்த ஒரு குழந்தையின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வைரஸை வளர்த்து, கட்டுரை எழுதி அனுப்பினார். அவர் அதற்கு முன்பு எலியின் வைரஸை வளர்த்தவர். அதனால், “இது உங்கள் எலி வைரஸ் கலந்துவிட்டதாக இருக்கும்” என்று கட்டுரையைத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பெண்மணி சளைக்கவில்லை. இன்னொரு குழந்தையின் சிறுநீரகத்திலிருந்து மறுபடி வளர்த்துக் காட்டினார். 1956-இல் கட்டுரை அச்சேறியது. என் மாணவிகளுக்கு மார்கரெட் ஸ்மித்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாமவர் வாலஸ் ரோ. குழந்தைகளுக்கு அறுவை செய்து எடுத்த அடினாய்டு சதையை வளர்த்துக்கொண்டிருந்தபோது அதில் இந்த வைரஸ் தானாக முளைத்தது. மூன்றாமவர் நோபல் பரிசு பெற்ற அதே வெல்லர். மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்குக் கல்லீரல் வீங்கி, மூளையில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியாக இருக்கும் என்று தேடியவருக்குக் கிடைத்தது இந்த வைரஸ். 1960-இல் வெல்லர் குழுவினர்தான் ‘சைட்டோமெகலோவைரஸ்’ என்ற பெயரைச் சூட்டினார்கள்.

இதற்குப் பிறகு யாரை இது அடிக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொன்றாகப் பதில் வந்தது.

முதல் பதில், கருவிலிருக்கும் குழந்தை. இதற்கு முன்கதை ஒன்று உண்டு. தாய் வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கிருமி தொடாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1941-இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறக்கும்போதே கண்புரையோடு வந்த பல குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பகாலத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதன்பிறகுதான் உலகம் கண்விழித்தது. ருபெல்லாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டது ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்ஆப்பில் எத்தனை வதந்தி! பெற்றோர்கள் பயந்து பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. அந்த ஊசி எதற்கென்று கேட்டால் பதில் நார்மன் கிரெக் பார்த்த அந்தக் குழந்தைகள்தான்.

ஊசி போட்ட நாடுகளில் ருபெல்லா பின்வாங்கியதும், பிறவிக் குறைகளுக்குக் காரணமான தொற்றுகளில் முதல் இடத்துக்குச் சி.எம்.வி. வந்துவிட்டது. அமெரிக்காவில் பிறக்கும் 200 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தத் தொற்று கருவிலேயே வந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேர் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கிறார்கள். ஐந்தில் ஒருவருக்குத்தான் நீண்டகாலப் பாதிப்பு. அதில் அதிகம் காது கேளாமை. சிலருக்கு மூளை வளர்ச்சியும் பார்வையும் பாதிக்கப்படும்.

இதில் கொடுமை என்னவென்றால், பிறக்கும்போது நன்றாக இருந்து, ஒரு வயது இரண்டு வயதில் மெல்ல மெல்லக் காது மந்தமாகும் குழந்தைகளும் உண்டு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை ‘மந்தம்’, ‘திமிர்’ என்று சொல்லிவிடுகிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது ஆசிரியர் வேலையில் இருக்கிற என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: திட்டுவதற்கு முன் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பதில், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். 1960-களில் சிறுநீரக மாற்று பரவத் தொடங்கியது. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்குவார்கள். அறுவை வெற்றி, சிறுநீரகமும் வேலை செய்கிறது, ஆனால் நோயாளி நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். பரிசோதித்தால் நுரையீரலில் அதே ஆந்தைக் கண். இந்த வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருமுறை நுழைந்தால் வெளியே போகாது, தூங்கும். சின்னம்மை வைரஸ் பல வருஷம் தூங்கி, வயதான காலத்தில் அக்கியாகக் கிளம்புகிறதே, அதே ஜாதி. காவல் தளர்ந்தால் விழித்துக்கொள்ளும்.

மூன்றாவது பதில் ரத்தம். 1960-களில் திறந்த இதய அறுவைக்குப் பிறகு சிலருக்கு வாரக்கணக்கில் விடாத காய்ச்சல் வந்தது. ஃபின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஏற்றிய ரத்தத்தோடு இந்த வைரஸும் போயிருக்கிறது என்று காட்டினார்கள். பெரியவர்கள் தேறிவிட்டார்கள். குறைமாதக் குழந்தைகள் தேறவில்லை. தொற்று இல்லாதவரின் ரத்தத்தைக் கொடுத்தால் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்று 1981-இல் அமெரிக்காவில் ஆன் யேகர் குழுவினர் நிரூபித்தார்கள்.

அதே 1981, ஜூன் 5. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு விசித்திரமான நிமோனியா என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு. அதுதான் எய்ட்ஸ் பற்றிய முதல் அதிகாரபூர்வப் பதிவு. அந்த ஐந்து பேரிடமும் சி.எம்.வி. இருந்தது. இதுதான் காரணமோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பிறகு எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. காவலைக் கொன்றது எச்.ஐ.வி., திறந்த வீட்டில் புகுந்து கண்ணைப் பறித்தது சி.எம்.வி. எய்ட்ஸ் நோயாளிகள் பலர் விழித்திரை அழிந்து பார்வை இழந்தார்கள். அவர்களுக்காகத்தான் 1989-இல் கான்சிக்ளோவிர் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1996 வாக்கில் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து வந்து எதிர்ப்புச் சக்தி மீண்டதும் அந்தப் பார்வை இழப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று கிட்னி மாற்றியவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை அந்தக் கான்சிக்ளோவிரின் தங்கைதான். நம் உறவில் யாருக்காவது அந்த மாத்திரை எழுதியிருந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். தானம் கொடுத்தவருக்கு வைரஸ் இருந்து, வாங்கியவருக்கு இதுவரை வராமல் இருந்தால் ஆபத்து அதிகம்.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, முதல் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள், அழுதுகொண்டே போன் செய்தாள். “டீச்சர், டார்ச் டெஸ்டில் சி.எம்.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடலாம் என்கிறார்கள்.” யார் சொன்னது என்று கேட்டேன். டாக்டர் இன்னும் பார்க்கவே இல்லை. லேப் தாளை வாங்கி வந்த சொந்தக்காரர்கள் இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊரில் எதைத் தொட்டாளோ, யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டு வந்தாளோ என்று பேச்சு வேறு.

தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ்.

பிள்ளைகளே, ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ ஒருமுறை, பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், இந்த வைரஸ் வந்து போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். நம் நாட்டில் பத்தில் ஒன்பது பெண்களுக்கு மேல் அப்படித்தான் வரும். நம்மில் பலருக்கு அது அம்மாவின் தாய்ப்பாலிலேயே வந்திருக்கும். நிறைமாதக் குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை, அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் அண்மைத் தொற்றாக இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல அவிடிட்டி என்ற இன்னொரு பரிசோதனை உண்டு. டாக்டர் அதைப் பார்த்து முடிவு செய்வார். ‘டார்ச்’ என்ற பெயர் 1971-இல் ஆண்ட்ரே நாமியாஸ் என்ற குழந்தை மருத்துவர், கருவைத் தாக்கும் தொற்றுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள உண்டாக்கிய சுருக்கம். அது மாமியார் வீட்டுப் பஞ்சாயத்துக்காக உண்டானது இல்லை.

கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்று வந்தால், கருவுக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஏற்கெனவே வந்திருந்தால் அது நூற்றில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் பூஜ்யமாகாது. பழைய வைரஸ் மறுபடி விழிக்கலாம், வேறு வகை புதிதாகத் தொற்றலாம். நம் நாட்டில் அநேகமாக எல்லாத் தாய்மார்களும் பாசிட்டிவ் என்பதால், இங்கே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட தாய்மாருக்கே பிறக்கிறார்கள். ஆகவே பயமும் வேண்டாம், நமக்குத்தான் வந்துவிட்டதே என்ற அலட்சியமும் வேண்டாம்.

தடுப்பூசி உண்டா? 1970-களில் லண்டனில் எலெக், ஸ்டெர்ன் இருவரும், அமெரிக்காவில் ஸ்டான்லி பிளாட்கினும் முயன்றார்கள். இந்தப் பிளாட்கின்தான் நாம் போடும் ருபெல்லா ஊசியின் மூலத்தை உருவாக்கியவர். ருபெல்லாவை வென்றவரால் இதை வெல்ல முடியவில்லை. கொரோனா ஊசி செய்த மாடர்னா நிறுவனம் அதே முறையில் செய்து பார்த்த ஊசியும் 2025-இல் கடைசிக் கட்டச் சோதனையில் தேறவில்லை. ஒருமுறை வந்தவருக்கே மறுபடி வரக்கூடிய வைரஸுக்கு ஊசி செய்வது லேசான வேலை இல்லை.

ஆக இன்றைக்கு நம் கையில் இருப்பது கைதான். இங்கேதான் அந்தப் பழைய ‘எச்சில் வைரஸ்’ என்ற பெயர் உதவுகிறது. 1980-களில் அமெரிக்காவில் குழந்தைக் காப்பகங்களை ஆராய்ந்தபோது, வைரஸ் தொற்றிய சிறு பிள்ளைகள் எந்த நோயும் இல்லாமல் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், எச்சிலிலும் சிறுநீரிலும் அதை வெளியேற்றுகிறார்கள் என்று தெரிந்தது. தாய்க்குத் தொற்று வரும் முக்கிய வழி, வீட்டிலிருக்கும் மூத்த குழந்தை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை மிச்சம் வைத்த பருப்புச் சாதத்தை வீணாக்காமல் அம்மா வாயில் போட்டுக்கொள்வாள். ஒரே டம்ளர், ஒரே ஸ்பூன். கீழே விழுந்த நிப்பிளை வாயில் வைத்துத் துடைத்துக் கொடுப்பாள். அது பாசம்தான், தப்பில்லை. ஆனால் வயிற்றில் இன்னொன்று இருக்கும் அந்த ஒன்பது மாதம் மட்டும் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூத்த குழந்தையின் எச்சில் சோறு, ஸ்பூன், டம்ளர், டூத் பிரஷ் வேண்டாம்.

டயப்பர் மாற்றிய பிறகும், மூக்கு, வாய் துடைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸ் சோப்புக்குத் தாங்காது.

முத்தம் கொடுக்க வேண்டுமா? உதட்டில் வேண்டாம், நெற்றியிலும் உச்சந்தலையிலும் கொடுங்கள்.

பால்வாடி, எல்.கே.ஜி. வகுப்பில் வேலை பார்க்கும் பெண்கள் கர்ப்பமானால் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்.

பிறந்த குழந்தைக்குக் காது பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். தேறவில்லை என்றால், “டாக்டர், சி.எம்.வி. பார்க்கலாமா?” என்று கேளுங்கள். பிறந்து 21 நாளுக்குள் சிறுநீரிலோ எச்சிலிலோ பார்த்தால்தான் கருவிலேயே வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியும். அறிகுறியோடு பிறந்த குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்து ஓரளவு பலன் தருகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2023 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. நம் ஊரில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காது கேட்கவில்லை என்று தெரிந்தால் இடிந்து உட்காராதீர்கள். சீக்கிரம் தெரிந்தால் பேச்சு வரவைக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவையும் செய்கிறார்கள்.

கையில் ஒரு லேப் தாள் கிடைத்தால், டாக்டர் பார்ப்பதற்கு முன் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ரிப்பர்ட் ஆந்தைக் கண்ணைப் பார்த்தும், பார்த்ததை வெளியே சொல்ல அவருக்கே 23 வருஷம் ஆனது.

நான் டாக்டர் இல்லை, வரலாறு சொல்லிக் கொடுத்தவள். சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இதைக் கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு அனுப்புங்கள், மாமியார்களுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். எங்காவது புரியவில்லை என்றால் கீழே கேளுங்கள், தெரிந்த வரை சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்